இரும்பினால் ஒரு மூன்றாங் கை

இயற்கை மனிதனுக்கு இரண்டு கைகளையே வழங்கியிருக்கிறது. உண்பதற்கும் உடுப்பதற்கும் எழுதுவதற்கும் அவை தாராளமாகப் போதும். ஆனால் இரும்போடு இரும்பைப் பொருத்தும் தொழிலில் இறங்கியவருக்கு அவை போதுவதேயில்லை. வெல்டிங் செய்பவரின் ஒரு கை குச்சியைத் தாங்கிய பிடியைப் பற்றியிருக்கும். மற்றக் கை முகமறைப்பை ஏந்தியிருக்கும். ஒட்டவேண்டிய இரு துண்டுகளுள் ஒன்று மேசைமீது கிடக்கும். மற்றத் துண்டை அதற்குரிய உயரத்திலும் சரிவிலும் அசையாமற் பிடித்திருப்பது யார்?

இக்கேள்விக்கு நம் ஊர்ப் பட்டறைகளிற் கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒன்றேதான். "தம்பி, இதை ஒருக்காப் பிடியடா!" என்று ஒரு குரல் எழும். பாடசாலை விட்டு வந்த மகனோ, தொழில் பழக வந்த மருமகனோ, அயல்வீட்டுப் பையனோ ஓடிவந்து பிடிப்பான். அவன் முகத்திற்கு மறைப்பு இராது. கைக்கு உறை இராது. கண்ணை இறுக மூடிக்கொண்டு முகத்தை ஒருபுறம் திருப்பி நிற்பான். ஒரு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். எல்லோரும் அதனை மறந்தும் விடுவார்கள்.

ஆனால் அவன் கண்கள் மறப்பதில்லை. அவ்வாறு நிற்கும் பையனுக்குப் பதிலாக நிற்கத்தக்க ஓர் இரும்புக் கையை வீட்டிலேயே செய்துகொள்ளும் முறையை இவ்வாரம் வாசகர்களுக்குக் கூற விரும்புகிறோம். பந்து மூட்டுகள் பொருத்தப்பட்டு, எப்பக்கமும் திருப்பி, ஒரே திருகினால் இறுக்கிவிடத்தக்க பிடி அது. கடைச்சல் இயந்திரமாகிய லேத் ஒன்றும், துளையிடும் இயந்திரம் ஒன்றும், சிறிது பொறுமையும் உள்ளவர் இரண்டு ஓய்வு நாட்களில் அதனைச் செய்து முடிக்கலாம். லேத் இல்லாதவர் பந்துகளை மாத்திரம் அருகிலுள்ள லேத் பட்டறையிற் கடைவித்துக்கொண்டு, எஞ்சிய வேலையை அரத்தினாலும் இரும்பரியும் வாளினாலும் செய்து முடிக்கலாம்.

பிடிப்பவனுக்கு நேர்வது என்ன?

கருவியைப் பற்றிக் கூறுமுன், அதன் தேவையைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். பழைய கொல்லன் பட்டறையிலும் ஒருவர் குறட்டினாற் பிடிக்க மற்றொருவர் சம்மட்டியால் அடிப்பது வழக்கம். ஆங்கே பிடித்தவருக்குத் தீப்பொறி பட்டிருக்கலாம். காய்ச்சிய இரும்பின் ஒளியாற் கண் நோவு கண்டவர் அரிது. உலையிற் சிவந்த இரும்பு வீசுவது பெரும்பாலும் வெப்பமும் செந்நிற ஒளியுமே. மின்வில்லின் தன்மையோ முற்றிலும் வேறு. அதன் வெப்பநிலை 5000 பாகை செல்சியசுக்கும் மேற்பட்டது. அது கண்ணுக்குத் தெரியும் ஒளியோடு கண்ணுக்குத் தெரியாத கழியூதாக் கதிர்களையும் மிகுதியாக வீசுகின்றது. கண்ணின் முன்புறத்தே கண்ணாடிபோல் அமைந்துள்ள விழிவெண்படலம் இக்கதிர்களை உறிஞ்சிப் புண்படுகின்றது.

இதில் வஞ்சகமான அம்சம் ஒன்றுண்டு. கதிர் பட்ட கணத்தில் நோவு தோன்றாது. ஆறு மணி நேரமோ பன்னிரண்டு மணி நேரமோ கழிந்த பின்னரே, பெரும்பாலும் நள்ளிரவில், கண்ணுள் மணல் அள்ளிப் போட்டாற்போன்ற உறுத்தலும் நீர்வடிதலும் தொடங்கும். பொதுவாக ஓரிரு நாட்களில் அது மாறிவிடும். மாறிவிடுகிறது என்பதனாலேயே பலர் அதனைப் பொருட்படுத்துவதில்லை. அவ்வேளையிற் கண்ணைக் கசக்குவதும், வீட்டு வைத்தியம் என்று எதையேனும் கண்ணுள் விடுவதும் தீங்கையே பெருக்கும். வைத்தியரிடம் காட்டுவதே முறை.

கண்ணை மூடிக்கொண்டாற் போதாதா என்று சிலர் கேட்கக்கூடும். வில் மூளும் கணமும் இமை மூடும் கணமும் ஒன்றாக அமைவது அபூர்வம். துண்டு விலகிவிட்டதோ என்று பார்க்கப் பையன் இடையிடையே கண்ணைத் திறக்கவே செய்வான். வெள்ளைச் சுவரிலும் பளபளப்பான தகட்டிலும் பட்டுத் திரும்பும் கதிரும் தீங்கு செய்யும். இவற்றோடு புகையும் உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் அங்கமாகிய சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2017 ஆம் ஆண்டு கூட்டிய நிபுணர் குழு, வெல்டிங் புகையையும் வெல்டிங்கில் எழும் கழியூதாக் கதிரையும் மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பன என்று முதலாந் தொகுதியிற் சேர்த்தது. செய்பவர் தம் முகத்தை மறைத்துக்கொண்டு, தம் பிள்ளையின் முகத்தைத் திறந்துவிடுவது எவ்வளவு பொருந்தாத செயல் என்பதை நாம் விரித்துக் கூறவேண்டுவதில்லை.

தோளைப் போன்றதொரு மூட்டு

சாதாரண ஜீ-கிளாம்பும் ஒரு பிடிதான். ஆயினும் அது இரண்டு தட்டையான துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நெரிக்க மாத்திரமே உதவும். குழாய் ஒன்றைச் சரிவாக நிறுத்தி வைக்க அதனால் இயலாது. அதற்கு வேண்டுவது நம் தோளிலுள்ளது போன்ற மூட்டு.

மாணவர்கள் உயிரியற் பாடத்தில் மூட்டுகளின் வகைகளைப் படித்திருப்பார்கள். முழங்கை கதவுப் பிணைச்சலைப்போல ஒரே தளத்தில் மடங்குவது. தோளும் இடுப்பும் பந்துக் கிண்ண மூட்டுகள். எலும்பின் உருண்டையான தலை ஒரு குழியிற் பொருந்தியிருப்பதனால், கையை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் அசைக்கலாம். தன் அச்சிலேயே சுழற்றவும் செய்யலாம். நாம் செய்யப்போகும் பிடியில் இத்தகைய மூட்டுகள் இரண்டு உண்டு. ஒரு பந்து மேசையோடு இணைந்த அடித்தண்டின் நுனியில் அமையும். மற்றப் பந்து, வேலைத் துண்டைப் பற்றும் விரற்றண்டின் நுனியில் அமையும். இவ்விரண்டையும் இரு இரும்புத் தகடுகள் மேலும் கீழுமாகக் கவ்விநிற்கும். தகடுகளின் நடுவே ஒரு போல்ட் செல்லும். அதன் நட்டை இறுக்கினால் இரு மூட்டுகளும் ஒருங்கே இறுகும். தளர்த்தினால் இரண்டும் ஒருங்கே இளகும். ஒரு கையால் விரலை வேண்டிய இடத்தில் வைத்து, மறு கையால் நட்டைத் திருகிவிட்டால் வேலை முடிந்தது.

பந்தைக் கடையும் கணக்கு

இதற்கு 25 மில்லிமீற்றர் விட்டமுள்ள இரு பந்துகள் வேண்டும். பழைய பெயாரிங்குகளில் உள்ள உருண்டைகளை எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அவை ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு பங்கு காபன் சேர்ந்த, கடினமாக்கப்பட்ட உருக்கு. சாதாரணத் துளையலகு அவற்றில் ஏறாது. அவற்றைத் தண்டோடு வெல்டிங் செய்தால் ஒட்டிய இடம் நொறுங்குந் தன்மை பெற்று, இறுக்கும்போதே முறியக்கூடும். ஆதலால், பந்தையும் தண்டையும் ஒரே மெல்லுருக்குக் கம்பியிலிருந்து கடைந்தெடுப்பதே நன்று. 28 மில்லிமீற்றர் உருளைக் கம்பியை 25 மில்லிமீற்றருக்குக் கடைந்து, நுனியிற் பந்துக்கு வேண்டிய இடத்தை விட்டு, எஞ்சிய பகுதியை 10 மில்லிமீற்றர் தண்டாக்குக. தண்டின் நீளம் 15 சதமமீற்றருக்கு மேற்படவேண்டாம். அதற்கான காரணத்தைப் பின்னர்க் காண்போம்.

இனி நுனியைக் கோளமாக்க வேண்டும். கோளம் கடைவதற்கெனத் தனிக் கருவிகள் உண்டு. அவை இல்லாத இடத்திற் பைதகரசு நமக்குத் துணைவருவார். பந்தின் ஆரை 12.5 மில்லிமீற்றர். மையத்திலிருந்து எவ்வளவு தூரம் விலகினால் பந்து எவ்வளவு மெலியவேண்டும் என்பதை, செங்கோண முக்கோணத்தின் மூன்று பக்கங்களுக்கும் உள்ள தொடர்பே கூறிவிடும். ஆரையின் வர்க்கத்திலிருந்து விலகிய தூரத்தின் வர்க்கத்தைக் கழித்து, வரும் விடைக்கு வர்க்கமூலம் காண்க. அதுவே அவ்விடத்தில் இருக்கவேண்டிய ஆரை. அதனை இரட்டித்தால் விட்டம்.

25 என்ற அளவை நாம் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. இவ்வளவில் விடைகள் பின்னமின்றி வந்து விழுகின்றன. மையத்திலிருந்து 3.5 மில்லிமீற்றர் தள்ளி விட்டம் 24. 7.5 மில்லிமீற்றர் தள்ளி விட்டம் 20. 10 மில்லிமீற்றர் தள்ளி விட்டம் 15. 12 மில்லிமீற்றர் தள்ளி விட்டம் 7. பாடசாலையில் 3, 4, 5 என்றும் 7, 24, 25 என்றும் மனனஞ் செய்த முக்கோணங்களே இங்கு உருமாறி நிற்பதைக் கணக்கில் ஆர்வமுள்ள மாணவர் உடனே கண்டுகொள்வர். இவ்வளவுகளின்படி முதலிற் படிகளாக வெட்டிக்கொள்க. ஒவ்வொரு படியின் உள்மூலையும் நாம் வேண்டும் கோளத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். வெளிமுனைகள் மாத்திரமே மிகுதியாக நிற்கும். தண்டை நோக்கிய பக்கத்திலும் இவ்வாறே செய்க. ஆனால் 12 மில்லிமீற்றர் வரை செல்லாது, 10 மில்லிமீற்றர் தண்டைச் சந்திக்கும் இடத்தில் நிறுத்துக. பின்னர்ப் படிகள் முழுவதற்கும் நீல மையைப் பூசி, லேத்தை மெதுவாகச் சுழலவிட்டு, உள்மூலைகளிலுள்ள மை அழியத் தொடங்கும்வரை அரத்தாற் படிகளைத் தேய்த்துவிடுக. இறுதியில் எமரித் தாளால் மெருகிடுக.

சுழலும் லேத்தில் அரம் பிடிக்கும்போது அரத்திற்கு மரக்கைபிடி இருத்தல் அவசியம். தொங்கும் சட்டைக்கையும் சால்வையும் மோதிரமும் ஆகா. கூந்தலை இறுகக் கட்டிக்கொள்ளவேண்டும். எமரித் தாளை விரலிற் சுற்றிக்கொண்டு தேய்ப்பது மிகக் கொடிய வழக்கம். தாள் பற்றிக்கொண்டால் விரலும் அதனோடு செல்லும்.

பந்து உண்மையிற் கோளமாயிற்றா என்று பரீட்சிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டுவதில்லை. கோளத்தை எவ்விடத்தில் தளமாக வெட்டினாலும் வெட்டுமுகம் வட்டமாகவே இருக்கும். ஆகவே, பந்தைவிட விட்டம் குறைந்த ஒரு குழாய்த் துண்டின் வாயை நேராக அராவி, அதனைப் பந்தின்மேற் பல கோணங்களில் வைத்துப் பார்க்க. எப்படி வைத்தாலும் வாயின் சுற்றுமுழுவதும் பந்தைத் தொட்டு, வெளிச்சம் புகாதிருந்தால் அது கோளம். ஓரிடத்தில் ஒளிக்கீற்றுத் தெரிந்தால் அவ்விடத்திற் குழி. அதன் அயல் இன்னும் தேயவேண்டும்.

தகடுகளும் திருகும்

கவ்வும் தகடுகளுக்கு 32 மில்லிமீற்றர் அகலமும் 12 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள பட்டை இரும்பில் 90 மில்லிமீற்றர் நீளத் துண்டுகள் இரண்டு எடுக்க. தடிப்பு இதனிற் குறைந்தால், திருகை இறுக்கும்போது தகடு நடுவில் வளைந்துகொடுக்கும். இரு துண்டுகளையும் ஒன்றாக இறுகப் பிணைத்து ஒரே தடவையிற் துளையிடுக. தனித்தனியே துளைத்தால் துளைகள் நேர்படுவது கடினம். இரு பந்துத் துளைகளின் மையங்கள் 60 மில்லிமீற்றர் இடைவெளியில் அமையவேண்டும். ஒவ்வொன்றின் விட்டமும் 18 மில்லிமீற்றர். சரி நடுவிற் போல்ட்டுக்கு 11 மில்லிமீற்றர் துளை. சிறிய அலகாற் தொடங்கிப் படிப்படியாகப் பெருப்பிக்கவேண்டும். துண்டைக் கையாற் பிடித்துக்கொண்டு துளையிடுதல் ஒருபோதும் ஆகாது. அலகு பற்றிக்கொண்டால் பட்டை கத்திபோற் சுழன்று வெட்டிவிடும். மேசையோடு பிணைத்த வைசிற் பிடித்தே துளைக்க.

துளைகளின் உள்விளிம்பைச் சிறிது சரிவாக அராவிவிட்டால் பந்து கூரிய முனையில் நில்லாமல் ஒரு வளையத்தில் அமரும். 25 மில்லிமீற்றர் பந்து 18 மில்லிமீற்றர் துளையில் ஏறக்குறைய 4 மில்லிமீற்றர் ஆழம் இறங்கும். ஆதலால், தகடுகளுக்கு இடையில் 17 மில்லிமீற்றர் அளவிலான வெளி எஞ்சும். 10 மில்லிமீற்றர் தண்டு அதனுள்ளே இடமும் வலமும் தாராளமாகத் திரும்பும். மேலுங் கீழும் சாய்வதற்கு இடம் குறைவு. ஆனால் அது ஒரு குறையன்று. தகடுகளையே தண்டைச் சுற்றி உருட்டிக்கொண்டால் 'இடம் வலம்' என்பது 'மேல் கீழ்' ஆகிவிடும். தகடுகளின் முனைகளை அரைவட்டமாக அராவுவதும் சாய்வுக்கு உதவும்.

போல்ட் 10 மில்லிமீற்றர் அளவினது. இங்கு ஓர் எச்சரிக்கை. நம் நாட்டுப் பழைய பட்டறைப் பெட்டிகளில் ஆங்கிலேயர் காலத்து விற்வேர்த் மரைப் போல்ட்டுகள் இன்றுங் கலந்து கிடக்கும். எட்டில் மூன்று அங்குல விற்வேர்த் போல்ட்டின் விட்டம் 9.5 மில்லிமீற்றருக்குச் சற்று அதிகம். மரையிடைத் தூரம் ஏறக்குறைய 1.59 மில்லிமீற்றர். 10 மில்லிமீற்றர் மெட்ரிக் போல்ட்டின் மரையிடைத் தூரம் 1.5 மில்லிமீற்றர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஒன்றின் நட்டை மற்றொன்றில் ஏற்றினால் ஓரிரு சுற்றுச் செல்வதுபோற் சென்று, பின்னர் இறுகி மரையைக் கெடுத்துவிடும். இரண்டும் ஒரே இனம் என்பதைக் கையாற் சுழற்றிப் பார்த்துத் தெளிந்த பின்னரே பயன்படுத்துக.

போல்ட்டின் தலையைக் கீழ்த்தகட்டோடு ஒட்டிவிட்டால் அது சுழலாது நிற்கும். நட்டின் பக்கத்தில் 10 சதமமீற்றர் நீளமான கம்பியொன்றை ஒட்டிக் கைபிடியாக்கினால், ஒவ்வொரு முறையும் ஸ்பனர் தேடவேண்டுவதில்லை. இரு தகடுகளுக்கும் இடையே போல்ட்டின்மீது ஒரு சிறு சுருள்வில்லைக் கோத்துவிட்டால் நட்டைத் தளர்த்தியதும் தகடுகள் தாமாகவே விலகிக்கொடுக்கும்.

போல்ட் சரிநடுவில் அமையவேண்டும் என்றோமல்லவா? தராசுக் கோலை நினைத்துக்கொண்டாற் காரணம் விளங்கும். நடுவில் இருந்தால் இரு பந்துகளுக்கும் இறுக்கம் சமமாகப் பங்கிடப்படும். ஒருபுறம் விலகியிருந்தால், அருகிலுள்ள பந்து கூடுதலாக இறுக, தூரத்திலுள்ளது வழுவும். பந்துகள் இரண்டும் ஒரே அளவாக இருக்கவேண்டியதும் இதன்பொருட்டே.

பந்து ஏன் பெரிதாக இருக்கவேண்டும்?

இப்பிடியிற் பல்லோ கொக்கியோ கிடையாது. பிடித்து நிறுத்துவது உராய்வு ஒன்றே. உராய்வு விசை பந்தின் மேற்பரப்பிற் செயற்படுவதால், பந்தின் ஆரை கூடக்கூடச் சுழற்சியைத் தடுக்கும் திருப்பமும் கூடும். பந்து இருமடங்கு பெரிதானால், அதே இறுக்கத்தில் பிடியும் இருமடங்கு வலியதாகும்.

இவ்விதியை நேரெதிராகப் பயன்படுத்திப் புகழ்பெற்றவர் ஒருவர் உண்டு. இங்கிலாந்தின் றைற்றிங்டன் வைத்தியசாலையில் 1960 களிற் செயற்கை இடுப்பு மூட்டை வெற்றிகரமாக அமைத்த சத்திரசிகிச்சை நிபுணர் ஜோன் சார்ன்லி, அதுகாறும் வழங்கிய பெரிய பந்துகளைக் கைவிட்டுச் சுமார் 22 மில்லிமீற்றர் விட்டமுள்ள சிறிய உருக்குப் பந்தைத் தேர்ந்தெடுத்தார். நோயாளி நடக்கும்போது உராய்வின் திருப்பம் எவ்வளவு குறைகின்றதோ அவ்வளவுக்குக் கிண்ணம் எலும்பிலிருந்து இளகாதிருக்கும் என்பது அவர் கருத்து. அவர் வழுக்கவேண்டும் என்று பந்தைச் சிறிதாக்கினார். நாம் வழுக்கக்கூடாது என்று பெரிதாக்குகிறோம். விதி ஒன்றே, வேண்டுதல்தான் வேறு.

நமது பிடியின் வலிமையை ஒருவாறு கணக்கிட்டும் பார்க்கலாம். 10 சதமமீற்றர் கைபிடியின் நுனியில் 10 கிலோகிராம் நிறைக்கு ஒப்பான விசையைப் பிரயோகித்தால், அதிற் பெரும்பகுதியை மரையின் உராய்வே விழுங்கிவிடும். அப்படியிருந்தும் போல்ட்டில் ஏறக்குறைய 500 கிலோகிராம் நிறைக்கு ஒப்பான இழுவிசை உண்டாகும். ஒவ்வொரு பந்துக்கும் அதிற் பாதி. உருக்கும் உருக்கும் உலர்ந்த நிலையில் உராயும் குணகத்தை 0.15 என்று குறைவாகவே கொண்டாலும், 15 சதமமீற்றர் நீளத் தண்டின் நுனியில் சுமார் 6 கிலோகிராம் நிறையை அது தாங்கும். ஒரு கதிரைக் காலையோ படலையின் குறுக்குச் சட்டத்தையோ நிறுத்த இது போதும். தண்டின் நீளத்தை இரட்டித்தால் தாங்கும் நிறை பாதியாகிவிடும். தண்டு நீளவேண்டாம் என்று முன்னர்க் கூறியது இதனாலேயே. பந்துகளுக்கு எண்ணெய் பூசலாகாது என்பதும் இதனாற் பெறப்படும். மரைக்கு எண்ணெய் இடுக. பந்துகளை உலர்ந்த துணியாற் துடைத்துவைக்க. கடற்காற்று வீசும் ஊர்களில் துருப் படிந்தால் எமரித் தாளால் மெல்லத் தேய்த்துவிடலாம்.

கையாளும் முறை

அடித்தண்டின் மறுமுனையை ஒரு கனத்த இரும்புத் தட்டோடு ஒட்டி, அத்தட்டை ஜீ-கிளாம்பால் மேசையோடு பிணைக்கலாம். காந்த அடியும் சிலர் வைப்பதுண்டு. ஆனால் காந்தம் ஒட்டுமிடத்திற்கு அண்மையில் இருந்தால் மின்வில்லை ஒருபக்கம் இழுத்துவிடும். சூடேறினால் வலுவும் குன்றும். விரற்றண்டின் நுனிக்கு வேலைக்கேற்ற வாய் அமைக்க. குழாய்க்கு ஆப்புவடிவ வெட்டுள்ள துண்டு உகந்தது. தட்டையான துண்டுக்குப் பூட்டுக்குறடு ஒன்றை நுனியில் ஒட்டிவிடலாம். உருகித் தெறிக்கும் துளிகள் செம்பிலும் பித்தளையிலும் எளிதில் ஒட்டுவதில்லை. ஆதலின், பித்தளை நட்டும் செம்பு முனையும் கிடைத்தால் நன்று.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். மூன்று குழாய்க் கால்கள் வெளிநோக்கிச் சரிந்த முக்காலி ஒன்று செய்கிறோம். இருக்கையின் வளையத்தை மேசையிற் கவிழ்த்து வைக்க. முதற் காலை விரலாற் பற்றி, அதன் அடியை வளையத்தில் இருத்தி, அட்டையில் வெட்டிய கோண மாதிரியோடு சரிபார்த்து நட்டை இறுக்குக. இப்போது இரு கைகளும் ஓய்ந்துவிட்டன. எட்ட நின்று ஒரு முறை பார்க்கலாம். பிழையானால் இளக்கித் திருத்தலாம். பையன் பிடித்திருந்தால் இந்த அவகாசம் நமக்குக் கிடைத்திராது. பின்னர் முகத்தை மறைத்துக்கொண்டு இரண்டு சிறிய புள்ளி ஒட்டுகளை எதிரெதிர்ப் பக்கங்களில் இடுக. அடுத்த கால்களுக்கும் இவ்வாறே செய்க. மூன்று கால்களும் நின்ற பின்னர்ப் பிடியை அகற்றி முழு ஒட்டையும் முடிக்கவேண்டும்.

முழு ஒட்டு இடும்வரை பிடி தாங்காதா என்று கேட்கலாம். தாங்காது. ஒரு மீற்றர் நீள உருக்கு 100 பாகை செல்சியஸ் சூடேறினால் ஏறக்குறைய 1.2 மில்லிமீற்றர் நீளும். ஆறும்போது அவ்வளவுஞ் சுருங்கும். உருகி ஆறும் ஒட்டு தன் அயலை இழுக்கும் வலிமை தடித்த சட்டத்தையும் வளைத்துவிடும். அதனை எதிர்ப்பது நம் பந்து மூட்டின் வேலையன்று. எதிரெதிராகப் புள்ளியிட்டு, சிறிது சிறிதாக மாறிமாறி ஒட்டுவதே அதற்கு மருந்து. அவ்வாறே, பாரம் தூக்குவதற்கும் வாகனத்தின் அடியில் முட்டுக்கொடுப்பதற்கும் இப்பிடியை நம்பலாகாது.

மின் திரும்பிச் செல்லும் கம்பியின் பிடியை எப்போதும் வேலைத் துண்டிலேயே நேராகப் பூட்டுக. மேசையில் எங்கோ பூட்டிவிட்டால் மின்னோட்டம் நமது பந்துகளின் வழியாகச் சென்று, தொடுமிடங்களிற் பொறிபறந்து குழிவிழச் செய்யும். ஈரமான தரையில் வெறுங்காலோடு நின்று வேலை செய்தல் உயிருக்கே ஆபத்து. முகமறைப்பின் கண்ணாடி சாதாரண வேலைக்கு 10 ஆம் எண் இருளுடையதாக இருக்கட்டும். நாகம் பூசிய குழாயானால் ஒட்டுமிடத்தில் அப்பூச்சை முதலில் அராவி நீக்குக. அதன் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் காணும். வேலை காற்றோட்டமான வெளியில் நடக்கட்டும்.

பெற்றோருக்கு ஒரு சொல்

இவ்வளவு பாடுபட்டுச் செய்வதைவிட, ஒரு பையனைக் கூப்பிடுவது எளிதல்லவா என்று எண்ணுவோர் இருப்பர். எளிதுதான். பிள்ளைகளைப் பட்டறையிலிருந்து விரட்டிவிட வேண்டும் என்றும் நாம் கூறவரவில்லை. கைத்தொழிலைக் கண்டு பழகாத பிள்ளைக்குப் புத்தகத்தில் உள்ள உராய்வும் திருப்பமும் வெறுஞ் சொற்களாகவே நின்றுவிடும். அவர்கள் வரட்டும். ஆனால் பிடிக்கும் கையாக வரவேண்டாம். பந்தின் அளவுகளைக் கணக்கிடுவதும், குழாயை வைத்து ஒளி பார்ப்பதும், தகட்டில் மையங்களைக் குறிப்பதும், முக்காலியின் கோணத்திற்கு அட்டை வெட்டுவதும் அவர்கள் செய்யத்தக்க வேலைகள். மகனைப் போலவே மகளும் இவற்றைச் செய்யலாம். வில் மூட்டும் வேளை வந்ததும், "எல்லோரும் உள்ளே போங்கோ" என்று ஒரு சொற் சொல்லி, அவர்கள் போய்விட்டார்கள் என்பதைக் கண்ணாற் கண்டபின் குச்சியைத் தொடுக. பின்னாளில் அவர்களே இத்தொழிலைப் பழக விரும்பினால், வயது வந்தபின், அவர்களுக்கென்று தனி முகமறைப்பும் கையுறையும் வாங்கிக் கொடுத்துப் பழக்குக.

முதலில் ஒரு பிடியைச் செய்து பாருங்கள். அதன் உதவியைக் கண்டபின் இரண்டாவதையும் செய்யத் தோன்றும். இரண்டாவது பிடிக்கு வேண்டிய புள்ளி ஒட்டுகளுக்கெல்லாம் முதற்பிடியே கைகொடுக்கும். கடைவதற்கு முன் படிகளின் அளவை ஒரு தாளில் எழுதி லேத்தின் அருகே ஒட்டிவைக்க மறவாதீர்கள்: 3.5 க்கு 24, 7.5 க்கு 20. 10 க்கு 15. 12 க்கு 7.